பெயரற்ற தகடு: வீட்டு இசை கணினிக்குள் வந்த வரலாறு

வீட்டில் இசை கேட்பது என்னும் செயலுக்குள் மூன்று வேலைகள் அடங்கியுள்ளன: ஒலிப்பதிவைச் சேமித்து வைப்பது, சேமித்தவற்றுள் வேண்டியதைத் தேடி எடுப்பது, எடுத்ததைக் காது கேட்கும் ஒலியாக மாற்றுவது. கிராமபோன் காலத்திலும் ஒலிநாடாக் காலத்திலும் இம்மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடந்தன. இசைத்தட்டே சேமிப்பு, அதன் நடுவில் ஒட்டிய தாளும் அட்டை உறையுமே பட்டியல், தட்டின் பள்ளத்தில் ஓடிய ஊசியே ஒலியின் பிறப்பிடம். 1982 தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் இம்மூன்று வேலைகளும் தனித்தனியே கழன்று, வன்தட்டு, மென்பொருள், டிஜிட்டல்-அனலாக் மாற்றி என்னும் வெவ்வேறு பொருள்களிடம் போய்ச் சேர்ந்தன. இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோப்புச் சுருக்கத்தையும் ஒலித்தரத்தையும், அதாவது முதல் வேலையையும் மூன்றாவதையும் பற்றியே விரித்துரைக்கின்றனர். இடையிலுள்ள பட்டியலிடும் வேலைதான் கணினியை வீட்டு இசைப்பெட்டியாக்கியது என்பதும், அவ்வேலையைத் தொடக்கத்தில் ஊதியமின்றிச் செய்தவர்கள் இசையைக் கேட்டவர்களே என்பதும் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை.

வரலாற்றின் தொடக்கம் குறுந்தகடு. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் 1980இல் இணைந்து வகுத்த தரவரையறை, அதன் அட்டை நிறத்தால் ரெட் புக் என அழைக்கப்பட்டது. அதைப் பின்பற்றிய முதல் இயக்கி, சோனியின் சிடிபி-101, 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. தொடர்ந்து ஏறியிறங்கும் ஒலியலையை மிகச் சிறிய இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ளும் முறைக்கு மாதிரியெடுத்தல் என்று பெயர். பிரித்தானியப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1930களின் இறுதியில் தொலைபேசிக்காக எண்ணியெடுத்த வழி அது. ஓர் ஒலியை இழப்பின்றி மீட்க, அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேலான வேகத்தில் மாதிரியெடுத்தால் போதும் என்பது ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் ஆகியோரின் பெயரால் வழங்கும் தேற்றமாகும். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதால் நொடிக்கு 40,000 மாதிரிகளைச் சற்றே தாண்டினால் வேலை முடிந்துவிடும்.

ஆயினும் குறுந்தகட்டுக்கு விதிக்கப்பட்ட எண் 44,100. இவ்வெண்ணைத் தந்தது செவியியல் அன்று, தொலைக்காட்சி. 1970களின் இறுதியில் இத்தனை எண்களைத் தாங்கவல்லதாய்க் கைக்கெட்டிய ஊடகம் வீடியோ நாடாவாக இருந்தமையால், ஒலியின் எண்கள் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றப்பட்டு, படத்தின் கோடுகளில் எழுதப்பட்டன. அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 புலங்கள், புலத்துக்குப் பயன்படும் கோடுகள் 245, கோட்டுக்கு 3 மாதிரிகள், பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், 294 கோடுகள், 3 மாதிரிகள்; பெருக்கினால் அதே 44,100. இரு தொலைக்காட்சி முறைகளுக்கும் ஒருசேரப் பொருந்திய இவ்வெண், வீடியோ நாடா வழக்கொழிந்த பின்னும் இன்றைய இசைக் கோப்புகளில் அப்படியே வாழ்கிறது.

குறுந்தகட்டின் ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் நீளமுடையது. இடம், வலம் என இரு தடங்கள் உண்டு. ஆக, ஒரு நொடி இசைக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் செலவாகிறது. இவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்ட வல்லுநர்கள் வகுத்த அடிப்படைத் தரத்தில் தகட்டின் பெயருக்கோ பாடல்களின் பெயர்களுக்கோ இடமில்லை. தகட்டின் உட்புறத்தில் பொருளடக்கம் போன்ற ஒரு பகுதி இருந்தபோதிலும், அதில் இருந்தவை எத்தனை தடங்கள், ஒவ்வொன்றும் எந்த நிமிடத்தில் எந்த நொடியில் தொடங்குகிறது என்பன மட்டுமே. பெயர்தான் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறதே என்று 1980இல் எண்ணியது இயல்பு. அந்த வெற்றிடம் பத்தாண்டுகளுக்குப் பின் பெரிதாய்த் தெரிந்தது.

1980களின் வீட்டுக் கணினியிடம் இசையை ஒப்படைக்க வழியே இருக்கவில்லை. ஒரு குறுந்தகட்டில் ஏறத்தாழ 650 மெகாபைட் தரவு அடங்கும். அன்றைய வீட்டுக் கணினிகளின் வன்தட்டோ அதில் பத்திலொரு பங்கைக்கூட எட்டுவது அரிது. பல கணினிகளில் ஒலியெழுப்பும் உறுப்பும் ஒரு சிறு பீப் ஓசைக்கு மேல் தரவில்லை. இக்குறையைத் தீர்த்தது ஒலி அட்டை, அதாவது எண்களை ஒலிமின்னலையாக மாற்றும் சில்லுகளைத் தாங்கிக் கணினிக்குள் செருகப்படும் பலகை. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ 1981இல் நிறுவிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. ஒற்றைத் தடமும் 8 பிட் நுணுக்கமுமே கொண்ட அது விளையாட்டுகளின் வெடியோசைக்குப் போதுமானதாக இருந்தது. 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 குறுந்தகட்டுக்கு ஈடான எண்களைக் கையாண்டது. அப்போதும் கணினிக்குள் சுழன்ற இசைத்தகட்டைக் கணினி வாசிக்கவில்லை. சிடி-ராம் இயக்கி தானே ஒலியாக மாற்றி, ஒரு மெல்லிய கம்பி வழியே ஒலி அட்டைக்கு அனுப்பியது. தொடங்கு, நிறுத்து என்று கட்டளையிடுவதோடு கணினியின் பங்கு முடிந்தது.

சேமிப்புச் சிக்கலுக்குத் தீர்வு ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் உருவாயிற்று; ஆனால் வீட்டுச் சேமிப்பு அங்கே எவர் மனத்திலும் இருக்கவில்லை. அந்நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீட்டர் ஸைட்சர், இசையைத் தொலைபேசிக் கம்பி வழியே வீடுகளுக்கு அனுப்பும் வழியைத் தேடினார். ஐஎஸ்டிஎன் என்ற புதிய டிஜிட்டல் தொலைபேசி இணைப்பின் இரு தடங்களும் சேர்ந்து நொடிக்கு 128 கிலோபிட்டே கடத்தும். குறுந்தகட்டின் 1,411 அதற்குள் அடங்க, பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். இப்பணியை முனைவர் பட்ட ஆய்வாக ஏற்ற கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், செவியின் இயல்பு பற்றிய உளஒலியியலைத் துணைக்கொண்டார். உரத்த ஒலி ஒன்று எழும்போது அதற்கு அண்மையான அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஒலியைச் செவி உணர்வதில்லை; இது மறைப்பு எனப்படும். உணரப்படாத பகுதிக்குக் குறைந்த பிட்டுகளும் உணரப்படும் பகுதிக்கு அதிகப் பிட்டுகளும் ஒதுக்குவதே அம்முறையின் உயிர். சுசான் வேகா பக்கவாத்தியமின்றிப் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பதிவில் குரல் கரகரத்துப் போனதைக் கண்ட பிராண்டன்பர்க், அப்பதிவை மீண்டும் மீண்டும் கேட்டு முறையைச் செப்பனிட்டார். பின்னணியில் வேறு ஒலி இல்லாத தனிக்குரலில் பிழை ஒளிந்துகொள்ள இடமிராது என்பதால் அத்தேர்வு மிகப் பொருத்தமானது.

பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் முதிர்ந்த இம்முறை, எம்பெக்-1 என்னும் ஒளி, ஒலிச் சுருக்கத் தரத்தின் மூன்றாம் அடுக்காக 1990களின் தொடக்கத்தில் ஏற்கப்பட்டது. கோப்புப் பெயரின் ஈற்றில் எம்பி3 என்ற குறியை இடுவதென 1995 ஜூலை 14 அன்று அங்கே முடிவாயிற்று. ஐந்து நிமிடப் பாடல் ஒன்று 50 மெகாபைட்டுக்கு மேலிருந்து 5 மெகாபைட்டுக்கும் கீழே இறங்கியது; கணினியின் செயலி சுருக்கத்தை உடனுக்குடன் விரித்து ஒலிக்கும் அளவுக்கு வேகம் பெற்றிருந்தது. 1997இல் ஜஸ்டின் ஃபிராங்கலும் திமித்ரி போல்திரெவும் உருவாக்கிய வின்ஆம்ப், பாடல்களை வரிசையாக அடுக்கும் பட்டியல் சாளரத்தோடு வந்து, வீட்டுக் கணினியை ஓர் இசைப்பெட்டியின் முகத்தோடு நிறுத்தியது. 1999இல் ஷான் ஃபான்னிங் தொடங்கிய நாப்ஸ்டர் வழியே கோப்புகள் உரிமையாளரின் இசைவின்றிக் கைமாறியதும், வழக்குகளின் விளைவாக 2001இல் அது மூடப்பட்டதும் பலரும் அறிந்தவை.

குறுந்தகட்டிலிருந்து இசையைக் கோப்பாகப் பெயர்த்தெடுக்கும் வேலை ரிப்பிங் எனப்பட்டது. பெயர்த்த கோப்புகளுக்குத் தடம் 1, தடம் 2 என்பதற்கு மேல் பெயர் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் நூறு தகடுகள் இருந்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை விசைப்பலகையில் தட்டியாக வேண்டும். இதற்கு விடை கண்டவர் டி கான் என்ற நிரலாளர். யூனிக்ஸ் கணினிகளுக்காக அவர் எழுதிய எக்ஸ்எம்சிடி என்னும் இயக்கி, தகட்டிலுள்ள தடங்களின் எண்ணிக்கை, தொடங்கும் நேரங்கள், மொத்த நீளம் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஓர் அடையாள எண்ணை ஆக்கியது. பெயரற்ற தகட்டுக்கு அதன் கால அளவுகளே கைரேகை ஆயின. அந்த எண்ணுக்குரிய பெயர்களை ஒருவர் ஒருமுறை எழுதி அனுப்பிவிட்டால், அதே தகட்டை வைத்திருக்கும் உலகின் பிறர் அனைவரும் அவற்றைப் பெறலாம். ஸ்டீவ் ஷெர்ஃப் முதலியோரின் உழைப்பில் இது இணையவழித் தரவுத்தளமாக வளர்ந்து சிடிடிபி எனப் பெயர் பெற்றது. குறுந்தகட்டை வடிவமைத்த இரு பெருநிறுவனங்களும் விட்டுச்சென்ற இடத்தை முகமறியாத கேட்போர் நிரப்பினர். டிஜிட்டல் இசை வரலாற்றில் இதற்கு இணையான கூட்டுழைப்பு அரிது என்றே கூறலாம்.

அவ்வுழைப்பின் பயன் உழைத்தவர்களிடம் நிலைக்கவில்லை. 1990களின் இறுதியில் தரவுத்தளம் வணிக நிறுவனத்தின் கைக்குச் சென்றது. கிரேஸ்நோட் எனப் பெயர் மாறி, அதைப் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டுப்பாடுகளை விதித்தது. 2008இல் அந்நிறுவனத்தைச் சோனி 26 கோடி டாலருக்கு வாங்க இசைந்தது. தகட்டில் பெயரை எழுதாமல் விட்டவர்களுள் ஒருவரே, பிறர் இலவசமாக எழுதித் தந்த பெயர்களின் களஞ்சியத்தைப் பெருவிலை கொடுத்து வாங்க நேர்ந்தது. பெயர்களை எழுதியளித்தோர் பலர் இவ்வணிகமாக்கத்தால் மனம் கசந்தனர், அக்கசப்பு நியாயமானது. அதன் விளைவாகவே ஃப்ரீடிபி என்ற கட்டற்ற தளமும், ராபர்ட் கே தொடங்கிய மியூசிக்பிரெயின்ஸ் என்ற தளமும் தோன்றின.

பெயர் கிடைத்ததும் அதைக் கோப்புக்குள் எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. எரிக் கெம்ப் 1996இல் வகுத்த ஐடி3 என்னும் முறை, எம்பி3 கோப்பின் கடைசியில் 128 பைட் நீளமுள்ள சிறு முத்திரையை ஒட்டியது. அதில் பாடலின் தலைப்புக்கு 30 எழுத்து, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30. இசைவகைக்கு ஒரே ஒரு பைட். இசைவகைகளின் பட்டியல் 80 உருப்படிகள் கொண்டது. மேலைநாட்டு ராக், நடன இசை வகைகள் அதில் நுணுக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்க, கர்நாடக இசைக்கோ இந்துஸ்தானிக்கோ தனி எண் இல்லை. 48ஆம் எண்ணில் ‘எத்னிக்’ என்ற பொதுச்சொல் மட்டும் இருந்தது. தமிழ் எழுத்துகள் 1991இலேயே யூனிகோடு தரத்தில் இடம்பெற்றிருந்தும், இம்முத்திரை ரோமன் எழுத்துகளை மனத்தில் கொண்டே அமைந்தமையால் தமிழ்ப் பெயர்கள் ஒலிபெயர்ப்பாகவே எழுதப்பட்டன. ஒரே இசையமைப்பாளர் எழுத்துக்கூட்டலுக்கு ஒருவராகப் பிரிந்து, மென்பொருளின் பட்டியலில் நான்கைந்து பேராக நின்றார்.

எழுத்தைவிட ஆழமான இடர் பட்டியலின் அமைப்பிலேயே இருந்தது. கலைஞர், தொகுப்பு, பாடல் என்னும் மூன்றடுக்கு, ஒரு குழு தான் இயற்றிய பாடல்களைத் தானே பாடித் தொகுப்பாக வெளியிடும் மேலைநாட்டு வழக்கத்தின் வார்ப்பு. தமிழ்த் திரையிசையில் கேட்போர் முதலில் தேடுவது பெரும்பாலும் இசையமைப்பாளரையோ படத்தையோதான்; பாடகர் பாட்டுக்குப் பாட்டு மாறுவார்; பாடலாசிரியருக்கும் இடம் வேண்டும். இரண்டு மூன்று படங்களின் பாடல்கள் ஒரே தகட்டில் அடங்கி வந்தபோது தொகுப்பு என்னும் அடுக்கும் பொருளிழந்தது. கர்நாடக இசைத்தகட்டுக்கோ கிருதியின் தொடக்கம், ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், வயலின், மிருதங்கம் என ஏழு செய்திகளாவது தேவை. 1998இல் வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பு யூனிகோடு எழுத்துகளையும் இயற்றியவர் பெயருக்கான தனிப் புலத்தையும் பயனரே பெயரிட்டு உண்டாக்கும் புலங்களையும் அனுமதித்தது. மேலைச் செவ்வியல் இசையின் ரசிகர்களுக்கும் இதே இடர் இருந்தமையால், இயற்றியவரையும் நிகழ்த்துபவரையும் பிரித்துக் காட்டும் மென்பொருள்கள் பின்னர் பெருகின.

எம்பி3 வேறொரு குறையையும் கொண்டுவந்தது. அம்முறை இசையை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டங்களாகச் சுருக்குவதால், பாடலின் முதலிலும் ஈற்றிலும் சிறு வெற்றொலி ஒட்டிக்கொள்கிறது. தனிப்பாடலில் இது தெரியாது. ராகம் தானம் பல்லவி மூன்று தடங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தால், ஆலாபனை தானத்துக்குள் நழுவும் இடத்தில் ஒரு கணம் ஒலி அறுந்துபோகும். லேம் என்னும் கட்டற்ற சுருக்கி இவ்வெற்றொலியின் அளவைக் கோப்பிலேயே குறித்துவைத்து, இயக்கிகள் அதைக் கழித்துவிட வழிசெய்தது.

இக்குறை அறவே இல்லாத வடிவமாக ஃபிளாக் வந்தது. ஜோஷ் கோல்சன் 2000இல் தொடங்கி 2001இல் முதல் நிலைப்பதிப்பாக வெளியிட்ட இம்முறை, புடவையைக் கத்தரிக்காமல் மடித்து வைப்பது போல, எந்த எண்ணையும் எறியாமல் கோப்பைப் பெரும்பாலும் பாதிக்குச் சற்று மேலான அளவுக்குக் குறுக்குகிறது. விரித்தால் குறுந்தகட்டின் எண்கள் பிட் பிசகாமல் மீள்கின்றன. காப்புரிமைக் கட்டணமும் இல்லை. ஆனால் பிட் பிசகாத சேமிப்புக்குப் பிட் பிசகாத வாசிப்பு முன்தேவை. அது எளிதாக இருக்கவில்லை. கணினித் தரவுக்கான தகட்டில் ஒவ்வொரு பகுதியும் தன் முகவரியைத் தலையில் சுமக்கும். இசைத்தகட்டின் பகுதிகளில் 2,352 பைட்டும் ஒலிக்கே போய்விடுவதால், இயக்கி தான் நிற்கும் இடத்தைத் துல்லியமாய் அறியாது. ஜெர்மானிய நிரலாளர் ஆண்ட்ரே வீட்ஹாஃப் எழுதிய எக்ஸாக்ட் ஆடியோ காப்பி ஒவ்வொரு பகுதியையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாசித்து, முடிவுகள் ஒத்தால் மட்டுமே ஏற்றது. பின்னர் வந்த அக்யுரேட்ரிப், ஒருவர் பெயர்த்தெடுத்த தடத்தின் சரிபார்ப்பு எண்ணை அதே தகட்டைப் பெயர்த்த பிறரின் எண்களோடு ஒப்பிட்டது. பெயரிடுவதில் தொடங்கிய கேட்போரின் கூட்டுறவு, பிழை திருத்துவதற்கும் இவ்வாறு நீண்டது.

2000களின் தொடக்கத்தில் நூலகம் வன்தட்டில் ஏறிவிட்டது. ஆனால் மின்விசிறி இரையும் கணினியை இசை கேட்கும் கூடத்தில் வைக்க எவரும் விரும்பவில்லை. கலிஃபோர்னியாவில் ஷான் ஆடம்ஸ் நிறுவிய ஸ்லிம் டிவைசஸ், 2001இல் ஸ்லிம்பி3 என்ற சிறு பெட்டியை வெளியிட்டது. கணினி வேறோர் அறையில் இருந்து இசையை வலையிணைப்பு வழியே அனுப்ப, கூடத்தில் ஆம்ப்ளிஃபயரோடு இணைந்த இப்பெட்டி ஓசையின்றி வாங்கி ஒலித்தது. பாடலின் பெயர் அதன் ஒளிரும் பட்டையில் ஓடியது. 2003இல் வந்த ஸ்குவீஸ்பாக்ஸும் அதன் கட்டற்ற சேவையக மென்பொருளும், இசைச் சேவையகம் என்ற கருத்தை வீடுகளில் பரப்பின. 2005இல் சோனோஸ் நிறுவனம் பல அறைகளை ஒரே கையடக்கக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது.

மூன்றாவது வேலையான ஒலிமாற்றமும் இதே ஆண்டுகளில் கணினியின் வயிற்றிலிருந்து வெளியேறியது. உள்ளே செருகிய ஒலி அட்டை மின்னிரைச்சலுக்கு நடுவே இயங்கியதும், விண்டோஸ் எக்ஸ்பியின் கலவை மென்பொருள் பல வேளைகளில் மாதிரி வேகத்தையே மாற்றியதும் குறைகளாக உணரப்பட்டன. டாக் எனச் சுருக்கி வழங்கும் டிஜிட்டல்-அனலாக் மாற்றி, யுஎஸ்பி கம்பியில் இணையும் தனிப்பெட்டியாயிற்று. மாதிரிகள் சீரான இடைவெளியில் ஒலியாக மாறாவிடில் ஜிட்டர் என்னும் நேரப்பிசகு உண்டாகும். தொடக்கக்கால மாற்றிகள் கணினியின் வேகத்தைப் பின்தொடர்ந்தன. கார்டன் ராங்கின் போன்றோர் பரப்பிய ஒத்திசையா முறையில் மாற்றியே தன் படிகக் கடிகாரத்தின்படி நடந்து, கணினியை விரைந்தோ மெதுவாகவோ அனுப்பச் சொன்னது. யுஎஸ்பி ஒலித்தரம் 1998இலேயே இதற்கு இடமளித்திருந்தும், வீட்டு இசைக்கருவிகளில் அது வேரூன்றப் பத்தாண்டுகள் ஆயின.

2012 பிப்ரவரி 29 அன்று, கேம்பிரிட்ஜில் மாணவர்க்கு நிரலாக்கம் கற்பிக்கவென உருவான ராஸ்பெரி பை, 35 டாலர் விலையில் வந்தது. விசிறியற்ற இக்கணினியின் சொந்த ஒலி மட்டமானது. ஆயினும் அதன் ஊசிகளில் செருகும் டாக் பலகைகளும் வோலுமியோ முதலிய இலவச மென்பொருள்களும் சேர்ந்து, முன்பு வசதியுள்ளோருக்கே எட்டிய அமைப்பைப் பலருக்கும் எட்டச் செய்தன. அதே 2012இல், ஸ்லிம் டிவைசஸை 2006இல் வாங்கியிருந்த லாஜிடெக், ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசையை நிறுத்தியது. மென்பொருளைத் தன்னார்வலர்கள் தொடர்ந்து பேணியமையால் அது லிரியான் என்ற புதுப்பெயரோடு இன்றும் இயங்குகிறது. பழைய பெட்டிகளும் அதனோடு ஒலிக்கின்றன.

2008இல் இணையம் வழியே பாடல்களை ஒலிக்கும் ஸ்பாட்டிஃபை சேவை தொடங்கியதும், கம்பி வழியே வீட்டுக்கு இசை என்ற ஸைட்சரின் பழைய எண்ணம் ஒருவகையில் நிறைவேறியது. சேமிப்பும் பட்டியலும் மீண்டும் நிறுவனத்தின் கைக்குள் சென்றன. இசையமைப்பாளரின் பெயர் தவறாகவோ ராகத்தின் பெயர் இல்லாமலோ இருந்தால், கேட்பவர் அதைத் தானே திருத்த வழியில்லை. திருத்தும் உரிமை தங்கிய இடங்களுள் முதன்மையானது மியூசிக்பிரெயின்ஸ். ஒருவருக்குப் பல எழுத்துக்கூட்டல்களை மாற்றுப்பெயர்களாக ஏற்று ஒரே ஆளாக வைப்பதும், இயற்றப்பட்ட படைப்பையும் அதன் ஒவ்வோர் ஒலிப்பதிவையும் தனித்தனியே பதிவதும் அதன் அமைப்பிலேயே உள்ளன. பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கி, சென்னை ஐஐடியின் பங்களிப்போடு நடந்த காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம், கர்நாடக இசைத்தகடுகளின் விவரங்களை அத்தளத்தில் பெருமளவில் சேர்த்தது. படைப்புகளின் பண்புகளாகக் கர்நாடக ராகத்துக்கும் தாளத்துக்கும் இன்று அங்கே தனித்தனிப் புலங்கள் உள்ளன; கணக்கு ஒன்றைத் தொடங்கும் எந்தக் கேட்பவரும் அவற்றை நிரப்பலாம்.